கோல்டன் கிங்கா, சூப்பர்ஜெட்டா?

டம்ளரில் இருந்த காபியில் பாதி தரையில் கொட்டியது. மீதிப் பாதி கோல்டன் கிங்குக்குள் போய்விட்டது.

தர்மன் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். மூலையிலிருந்த ஓட்டை வழியாகக் காபி சொட்டுச் சொட்டாக வடிந்தது.

“சக்கரை போட்டதா, போடாததா?” என்று கேட்டான்.

“இப்ப அதுவா முக்கியம்?” என்றாள் அவன் மனைவி கிருஷ்ணவேணி.

“போட்டதுன்னா எறும்பு வரும்.”

“எறும்பு வந்தா வந்துட்டுப் போவுது. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு உங்க செகரட்டரி வருவாரே, அவருக்கு இன்னா பதில் சொல்லப்போறீங்க?”

தர்மன் பெட்டியை இன்னொரு தரம் உலுக்கினான்.

கோல்டன் கிங் என்பது ஒரு டிவி கேம். வெற்றிலைப் பெட்டி அளவு, பொன்னிறம், இரண்டு பக்கமும் இரண்டு திருகு. அதன் ஒயரை டிவியில் சொருகினால் திரையின் இரு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் கோடுகள் தோன்றும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடும். கோடு மட்டை, புள்ளி பந்து. திருகைத் திருகினால் மட்டை மேலும் கீழும் போகும். பந்தைத் தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயின்ட். முதலில் பதினைந்து எடுத்தவர் ஜெயித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் காஞ்சிபுரத்தில் இதைவிட அதிசயமான பொருள் வேறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சூப்பர்ஜெட்.

சூப்பர்ஜெட்டின் பெட்டி கறுப்பு. மேலே ஒரு சிவப்புப் பட்டை. அதை டிவியில் சொருகினால் திரையின் இரு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் கோடுகள் தோன்றும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடும்.

கோல்டன் கிங் துரைக்கண்ணுவுடையது. அவர் பட்டு நெசவாளர் சங்கத்தின் செயலாளர். துபாயிலிருந்து அக்காள் மகன் அனுப்பியது. டிவி பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பதால் அவர் வீட்டில் டிவி கிடையாது. டிவி கேம் ஆடினால் கண்ணுக்குப் பயிற்சி என்பதால் கேம் மட்டும் இருந்தது.

சூப்பர்ஜெட் தனசேகரனுடையது. அவன் கிருஷ்ணவேணியின் தம்பி. சிங்கப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வாலாஜாபாத்தில் அப்பாவின் அரிசி மில்லைக் கவனிக்கத் திரும்பியவன். அவனிடமும் டிவி இல்லை.

டிவி இருந்தது தர்மனிடம். மகளுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டுச்சேலை எடுத்து அலுத்துப்போன மாமனார், சேலை விளைகிற ஊரிலேயே இருப்பவளுக்கு இனிமேல் எதற்கு என்று ஒரு டிவியாக வாங்கிக் கொடுத்துவிட்டார். அதனால் இரண்டு பெட்டியும் அவன் வீட்டிலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை தர்மன் வீடு கோல்டன் கிங் கட்சி, மத்தியானம் சூப்பர்ஜெட் கட்சி.

கட்சி என்று சும்மா சொல்லவில்லை. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டு வரைக்கும் போன ஊர் அது. டிவி கேமில் மட்டும் நடுநிலை வகிக்குமா? வேடிக்கை பார்க்க வந்த நெசவாளர்கள் முதல் மாதத்திலேயே இரண்டாகப் பிரிந்தார்கள். “சூப்பர்ஜெட் பந்து, தறியில நாடா ஓடுற மாதிரி நேராப் போவுது” என்றது ஒரு கூட்டம். “கோல்டன் கிங் பந்துதான் பாந்தமாப் போவுது” என்றது இன்னொரு கூட்டம். ஒரு நெசவாளர் உற்சாகத்தில் சேலைப் பார்டரில் இரண்டு கோடும் நடுவில் ஒரு புள்ளியுமாக ஜரிகையில் நெய்து சங்கத்துக்குக் கொண்டுவந்தார். துரைக்கண்ணு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இது எந்த மெஷினு?”

“சூப்பர்ஜெட்டுங்க.”

“புள்ளி கோணலா இருக்குது. எடுத்துக்கினு போ.”

தர்மன் அந்தச் சங்கத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிக குமாஸ்தா. அவனை நிரந்தரமாக்கும் தாள் செயலாளர் மேஜையில், கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. இன்னொரு விஷயமும் காத்துக்கொண்டிருந்தது. துரைக்கண்ணுவின் மகள் தேவகியைத் தனசேகரனுக்குக் கட்டவேண்டும் என்பது கிருஷ்ணவேணியின் ஆசை. ஜாதகம் பொருந்தியது. தேவகிக்குச் சம்மதம். துரைக்கண்ணுவும் வெற்றிலை பாக்கு மாற்ற வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மாப்பிள்ளை வாய் தவறி, “உங்களோட மெஷினுல பந்து கொஞ்சம் ஸ்லோ சார்” என்றான். துரைக்கண்ணு வெற்றிலைத் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

தர்மனின் கொள்கை எளிமையானது. காலையில் “கோல்டன் கிங் மாதிரி வருமா சார்!” என்பான். மத்தியானம் “சூப்பர்ஜெட் மாதிரி வருமா மச்சான்!” என்பான். இவ்வளவு நாள் சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காபி கொட்டும் வரைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலமே கோல்டன் கிங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் பறந்தான். மூங்கில் மண்டபம் பக்கத்தில் யேசுதாஸின் ரேடியோ ரிப்பேர்க் கடை. யேசுதாஸ் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தான்.

“நல்ல டிக்காஷன் சார்.”

“ஓடுமா?”

“உள்ள போர்டு போயிடுச்சு. பார்ட்ஸு மெட்ராஸ்ல தேடணும். ஒரு மாசம் ஆவும்.”

“நாளைக்கு ஒம்போது மணிக்கு வேணும்பா!”

யேசுதாஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தான். “உங்க வீட்டுல இன்னொரு மெஷினு இருக்குதுல்ல? அதோட போர்டை எடுத்து இதுக்குள்ள வெச்சிடலாம். மேல பெட்டி கோல்டன் கிங்கு, உள்ள சூப்பர்ஜெட்டு. யாருக்குத் தெரியப்போவுது?”

“செகரட்டரிக்குத் தெரிஞ்சிடும்பா. அவரு கண்ணை மூடிக்கினு சத்தத்தை வெச்சே சொல்லிடுவாரு.”

“தெரிஞ்சா அப்ப பார்த்துக்கலாம்.”

வேறு வழியில்லை. தர்மன் வீட்டுக்குப் போய்ச் சூப்பர்ஜெட்டையும் எடுத்துவந்தான். சூப்பர்ஜெட்டின் போர்டு கோல்டன் கிங்குக்குள் போனது. அளவு கொஞ்சம் பொருந்தாததால், யேசுதாஸ் பட்டுக் கழிவு நூலைத் திணித்து அசையாமல் உட்காரவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் துரைக்கண்ணு வந்தார். மகள் தேவகியும் கூட வந்தாள். அவர் நெற்றியில் விபூதி, கையில் ஒரு புதுத் துண்டு. திருகைப் பிடிக்குமுன் கையை அந்தத் துண்டில் துடைத்துக்கொள்வது அவர் வழக்கம். இத்தனைக்கும், அதுவரை ஆடிய ஐந்து வாரத்தில் அவர் பத்துப் பந்துக்கு மேல் தொட்டதில்லை. தர்மன்தான் கஷ்டப்பட்டுத் தோற்றுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு முதல் பந்தைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவது பந்து மேல் மூலைக்குப் போனது. அதையும் தொட்டார்.

“பார்த்தியா தர்மா! கை பழகிடுச்சு!”

“அப்பா, அசத்தறீங்க!” என்றாள் தேவகி.

“கேளு, சத்தத்தைக் கேளு. ‘டொக்’! கோயில் மணி மாதிரி இல்ல? அந்தச் சூப்பர்ஜெட்டு ‘டக்’குனு கேக்கும். தகரம்.”

“தகரம்தான் சார்” என்றான் தர்மன்.

நடுவில் துரைக்கண்ணுவுக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஆறு. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு ஆறு தும்மலும் தும்மி முடித்து நிமிர்ந்தபோது அவர் கணக்கில் இரண்டு பாயின்ட் ஏறியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எஜமான் மனசு தெரிஞ்ச மெஷினுடா இது.”

அவர் தெருமுனை திரும்பியதும் தர்மன் சைக்கிளை எடுத்தான். மூங்கில் மண்டபம். போர்டை வெளியே எடு, கறுப்புப் பெட்டியில் வை, நூலைத் திணி, மூடு. மத்தியானம் தனசேகரன் வந்தபோது சூப்பர்ஜெட் ஒன்றும் தெரியாததுபோல் டிவி மேல் உட்கார்ந்திருந்தது. அவனும் அன்றைக்குப் பிரமாதமாக ஆடினான்.

“கவனிச்சியா மாமா? இன்னா ஸ்பீடு! ஒரே ஒரு தரம் அந்தக் கோல்டன் கிங்கை இதும் பக்கத்துல வெச்சுப் பாரு. மாட்டு வண்டியும் ஏரோப்ளேனும்.”

“மாட்டு வண்டிதான் மச்சான்.”

இப்படி மூன்று வாரம் போனது. தர்மன் இளைத்துவிட்டான். மெட்ராஸ் பார்ட்ஸ் வருகிற வழியாக இல்லை. துரைக்கண்ணுவோ, நன்றாக ஆட ஆரம்பித்த ருசியில், புதன்கிழமை சாயங்காலமும் வர ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து தனசேகரன் வியாழக்கிழமையும் வர ஆரம்பித்தான்.

“ரெண்டு பேர்ல ஒருத்தரு நின்னாத்தான் நான் பிழைப்பேன்” என்றான் தர்மன் மனைவியிடம்.

“ரெண்டு பேரும் எதுக்கு ஆடறாங்க? இதுதான் ஒசத்தின்னு காட்டத்தானே? அவங்கவங்களுக்கு ஜெயிச்ச மாதிரி சொல்லிட்டா விட்டுடுவாங்க” என்றாள் கிருஷ்ணவேணி.

தர்மனுக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. மறுநாள் சங்கத்தில் துரைக்கண்ணுவிடம் குனிந்து, “சார், கோல்டன் கிங்குதான் ஒசத்தின்னு என் மச்சானே ஒத்துக்கினான்” என்றான். துரைக்கண்ணுவின் மீசை இரண்டு பக்கமும் விரிந்தது. சாயங்காலம் தனசேகரனிடம், “மச்சான், சூப்பர்ஜெட்டுதான் ஒசத்தின்னு எங்க செகரட்டரியே ஒத்துக்கினாரு” என்றான். தனசேகரன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

இருவரும் ஆட வருவதை நிறுத்தியிருப்பார்கள். தனசேகரனுக்கு மட்டும் நல்ல பழக்கம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால்! பெரியவர் ஒத்துக்கொண்டதற்கு நேரில் நன்றி சொல்வதுதான் மரியாதை என்று, வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சங்கத்துக்கே வந்துவிட்டான்.

“சார், ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு” என்றான்.

“உனக்கும்தான் தம்பி. இந்த வயசுல தோல்வியை ஒத்துக்கறது லேசா?” என்றார் துரைக்கண்ணு.

“நானா? நீங்கதானே ஒத்துக்கினீங்க!”

“எதை?”

“சூப்பர்ஜெட்டுதான் ஒசத்தின்னு.”

சங்கத்தில் ஜரிகை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். துரைக்கண்ணுவும் தனசேகரனும் ஒரே நேரத்தில் தர்மனைப் பார்த்தார்கள். தர்மன் மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“யோவ் தர்மா! வெளிய வாய்யா!”

“பேனா மூடி சார்... தோ வரேன் சார்.”

அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. துரைக்கண்ணு எழுந்து நின்றார்.

“வர்ற ஞாயித்துக்கெழமை. இவன் வீட்டுல. ரெண்டு மெஷினுலயும் ஒவ்வொரு ஆட்டம். என் மெஷினுல என்னை நீ ஜெயிச்சுக் காட்டு. காட்டினா அப்பவே என் பொண்ணைத் தர்றேன். தோத்தா உன் பெட்டியைக் கொண்டுபோய்ப் பாலாத்துல வீசு.”

“என் மெஷினுல நீங்க என்னை ஜெயிச்சா, நான் மொட்டை அடிச்சுக்கறேன் சார்!”

“ஜெயிக்கிறவன் பக்கம்தான் தர்மா உன் வேலையும்” என்றார் துரைக்கண்ணு. அதற்கு என்ன அர்த்தம் என்று தர்மனுக்கு விளங்கவில்லை. பேனா மூடியைத் தேடி மறுபடியும் குனிந்தான்.

இரண்டு பெட்டி. ஒரு போர்டு. இரண்டும் ஒரே மேஜையில், ஊர் முன்னால்.

“நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் எனக்குக் குடுங்க சார். நான் சமையலறையில இருக்கேன். முதல் ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பெட்டியையும் உள்ள கொண்டாங்க” என்றான் யேசுதாஸ்.

“எதுக்குன்னு சொல்லிக் கொண்டார்றது?”

அதற்குக் கிருஷ்ணவேணியிடம் பதில் இருந்தது. “திருஷ்டி கழிக்கணும்னு சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை தர்மன் வீட்டில் நிற்க இடமில்லை. சன்னலில் தலைகள், வாசலில் தலைகள். பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்திலிருந்து கூட நான்கு பேர் வந்திருந்தார்கள். சமையலறையில் யேசுதாஸ் அரிசி மூட்டைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈயம் பற்றவைக்கும் இரும்பை ஸ்டவ்வில் காயவைத்தான். ஈயம் உருகுகிற வாசனை கூடத்துக்குப் போகாதபடி கிருஷ்ணவேணி வாணலியில் பெருங்காயத்தைப் பொரித்துக்கொண்டே இருந்தாள்.

“சாம்பாரா?” என்று கூடத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

“ரசம்!” என்று கத்தினான் தர்மன்.

முதல் ஆட்டம் கோல்டன் கிங்கில். துரைக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு இடது திருகைப் பிடித்தார். தனசேகரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வலது திருகைப் பிடித்தான். பந்து ஓட ஆரம்பித்தது.

அப்படி ஓர் ஆட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. ஐந்துக்கு ஐந்து. ஒன்பதுக்கு ஒன்பது. துரைக்கண்ணு திருகோடு சேர்த்து உடம்பையும் திருகினார். தனசேகரன் நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மண்டி போட்டான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சன்னலில் இருந்தவர்கள் மூச்சு விடவில்லை. பதினான்குக்குப் பதினான்கு. கடைசிப் பந்து இங்கும் அங்கும் இருபது தரம் போனது. பிறகு இடது மட்டையின் கீழே ஒரு நூலிழை இடைவெளியில் நழுவி வெளியே போய்விட்டது.

துரைக்கண்ணு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தம் கோல்டன் கிங்கிலேயே தோற்றுவிட்டார்.

“திருஷ்டி கழிக்கணும்!” என்று கூவிக்கொண்டு தர்மன் இரண்டு பெட்டிகளையும் வாரி எடுத்துச் சமையலறைக்குள் ஓடினான். உள்ளே பெருங்காயப் புகை. யேசுதாஸின் விரல் சுட்டது. அவன் கத்தாமலிருக்கக் கிருஷ்ணவேணி ஒரு கத்தரிக்காயை அவன் வாயில் வைத்தாள். நாலரை நிமிஷத்தில் கறுப்புப் பெட்டி தயார். அதன்மேல் கற்பூர வாசனைக்காக ஒரு கட்டி சூடத்தைத் தேய்த்துத் தர்மன் வெளியே கொண்டுவந்தான்.

இரண்டாவது ஆட்டம் சூப்பர்ஜெட்டில். தனசேகரன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். ஆறுக்கு இரண்டு என்று பின்தங்கியபோது சிரிப்பு நின்றது. துரைக்கண்ணு இப்போது சாமி வந்தவர்போல் ஆடினார். துண்டு எங்கோ போயிருந்தது. மீசை வியர்வையில் தொங்கியது. பதினைந்துக்குப் பதின்மூன்று. துரைக்கண்ணு ஜெயித்துவிட்டார். அதுவும் சூப்பர்ஜெட்டில்!

கூட்டத்துக்கு யாரைத் தூக்குவது என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் இருவரையும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிவிட்டது.

துரைக்கண்ணு கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு புது வெளிச்சம்.

“தம்பி, இன்னா மெஷினுபா இது! கை வெச்ச உடனே புரிஞ்சிக்குது. இத்தினி நாளா அந்த மஞ்சப் பெட்டியைக் கட்டிக்கினு மாரடிச்சேனே!”

தனசேகரன் பொன்னிறப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தான். “சார், அப்படிச் சொல்லாதீங்க. கோல்டன் கிங்கு மாதிரி ஒரு மெஷினு உலகத்துலயே கெடையாது. பந்து நம்ம பேச்சைக் கேக்குது. சூப்பர்ஜெட்டுலதான் அந்தப் பாந்தம் இல்ல.”

“இன்னா சொன்னே? சூப்பர்ஜெட்டுல பாந்தம் இல்லையா?”

“இல்லதான் சார். தகரம்!”

“யாரைப் பார்த்துடா தகரம்ன்றே?”

மறுபடியும் வெற்றிலைத் தட்டு பறக்கும் நிலை. தேவகிதான் நடுவில் புகுந்தாள். அதுவரை சுவரோரமாக நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தவள்.

“அப்பா, உங்க மெஷினுல உங்களை ஜெயிச்சா பொண்ணைத் தர்றேன்னு சொன்னீங்க. ஜெயிச்சிட்டாரு. ஊரே பார்த்துச்சு. சொன்ன சொல்லு இன்னா ஆச்சு?”

துரைக்கண்ணு மகளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், கையிலிருந்த சூப்பர்ஜெட்டைப் பார்த்தார்.

“தர்றேன்மா. ஆனா ஒண்ணு. பரிசத்துக்குப் பதிலா இந்தக் கறுப்புப் பெட்டி எனக்கு வரணும்.”

“கோல்டன் கிங்கு எனக்கு!” என்றான் மொட்டை அடித்துக்கொள்ளவேண்டிய மாப்பிள்ளை.

கிருஷ்ணவேணி ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து எல்லோர் வாயிலும் அள்ளிப் போட்டாள். அந்த சந்தோஷத்திலேயே துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தர்மன் முதுகின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆறு வருஷக் காத்திருப்பு அவன் முதுகில் குறுகுறுத்தது. தர்மனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கூட்டம் கலைந்ததும் சமையலறைக்கு ஓடினான். யேசுதாஸ் வாயிலிருந்து கத்தரிக்காயை எடுத்துவிட்டுச் சுட்ட விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான். தர்மன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“நீ தெய்வம்பா. கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு, வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. நீ பார்க்கலியே! ரெண்டு பேரும் இன்னா ஆட்டம் ஆடினாங்க தெரியுமா?”

யேசுதாஸ் புரியாமல் அவனைப் பார்த்தான்.

“அவங்க எங்க சார் ஆடினாங்க? ஒவ்வொரு தரமும் மாத்தச் சொன்னா எட்டு ஒயரை யாரு பத்தவைக்கிறது? கடையில காட்டுறதுக்குன்னு தன்னால ஆடுற ஸ்விட்சு ஒண்ணு போர்டுலயே இருந்துச்சு, அதைப் போட்டு வுட்டுட்டு, டிவி ஒயரை மட்டும் பத்தவெச்சேன். திருகு ரெண்டையும் நான் முதல் நாள்லேர்ந்தே சேர்க்கலையே!”